நிலையாப் பெட்டியும் நிலைத்த ஏடும்

அரசாங்கக் கந்தோர் எதனுள் நுழைந்தாலும் முதலிற் கண்ணிற் படுவது இடாப்பு. பாடசாலையிற் சேர்விடாப்பு, பதிவாளரிடம் பிறப்பு இறப்புப் பதிவேடு, கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவர் பேரேடு எனப் பெயர்கள் பலவாயினும் அவற்றின் இயல்பு ஒன்றே. எழுதியவர் இளைப்பாறிச் செல்வார், அலுமாரி உளுத்துப்போகும், கட்டடமும் இடிந்து புதிதாய் எழும், இடாப்பு மாத்திரம் இருத்தல் வேண்டும். அறுபது ஆண்டு கழிந்து ஒருவர் வந்து தாம் பாடசாலையிற் சேர்ந்த திகதியைக் கேட்பின், அந்த வரியைக் காட்டியே ஆக வேண்டும்.

இன்று இடாப்புகள் கணினிக்குள் புகுந்துவிட்டன. அங்கே அவற்றுக்குத் தரவுத்தளம் என்று பெயர். அத்தரவுத்தளத்தைக் காத்து, கேட்போர்க்கு விடை சொல்லி, புதியனவற்றைப் பதிந்துகொள்ளும் செய்நிரலைச் சேவையகம் என்பர். இச்சேவையகத்தை நேரே கணினியில் நிறுவாது, கொள்கலன் எனப்படும் ஒரு மென்பொருட் பெட்டிக்குள் வைத்து இயக்கும் வழக்கம் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிற் பெரிதும் பரவியுள்ளது. அப்பெட்டியின் இயல்போ இடாப்பின் இயல்புக்கு நேர்மாறானது. வேண்டியபோது நொடியில் ஆக்கி, வேண்டாதபோது நொடியில் எறிந்துவிடுவதற்கென்றே அது செய்யப்பட்டது. எறிவதற்குச் செய்த பெட்டிக்குள் எறியலாகாத ஏட்டை வைத்தவர்கள் என்ன பட்டார்கள், எதைக் கற்றார்கள் என்பதே, நேயர்களே, இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். பொறியியலார் இதனை வேறுவிதமாகச் சொல்வர். நான் வரலாறு படித்தவன், வரலாறாகவே சொல்கின்றேன்.

ஏட்டின் கதையை முதலிற் பார்ப்போம். 1960களிற் பெரிய நிறுவனங்கள் தம் கணக்குகளைக் கணினிக்கு மாற்றியபோது, அவற்றுட் பதிவுகள் கிடந்த கிடை ஒரு காட்டுப் பாதையை ஒத்திருந்தது. ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தில் சார்ள்ஸ் பாக்மன் என்பார் அமைத்த முறையில், ஒரு பதிவு அடுத்த பதிவு இருக்கும் இடத்தைச் சுட்டி நின்றது. செய்நிரல் எழுதுவோர் அச்சுட்டுகளைப் பற்றிக்கொண்டே வழிகண்டு செல்ல வேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் அப்பலோ சந்திரப் பயணத்துக்கு வேண்டிய உதிரிப்பாகங்களின் பட்டியலைப் பேணுதற்கு உருவாக்கிய முறையிற் பதிவுகள் மரக்கிளைகள் போல ஒன்றன்கீழ் ஒன்றாய்த் தொங்கின. பாக்மன் 1973 ஆம் ஆண்டில் ரியூறிங் விருது பெற்றபோது, செய்நிரலாளனைக் கடலில் வழிகாணும் மாலுமிக்கு ஒப்பிட்டார். உவமை அழகியதே. ஆயின் கடலின் அமைப்பை யாரேனும் மாற்றிவிட்டால் அம்மாலுமி பழகிய வழிகள் யாவும் பயனற்றுப் போகும் என்பதும் அவ்வுவமைக்குள்ளேயே அடங்கியிருந்தது.

இந்நிலையை மாற்றியவர் எட்கார் கொட். 1923 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போட்லண்ட் என்னும் இடத்திற் பிறந்து, ஒக்ஸ்போட்டிற் கணிதம் பயின்று, இரண்டாம் உலகப் போரில் விமானமோட்டியாகப் பணிபுரிந்தவர். போரின் பின் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்தார். மக்கார்த்தி என்னும் செனற்றர் கண்டவரையெல்லாம் பொதுவுடைமையாளர் என்று குற்றஞ்சாட்டிய அந்நாளின் சூழலை வெறுத்து 1953 இற் கனடாவுக்குப் போய்விட்டார். சில ஆண்டுகளின் பின்னரே மீண்டார். 1970 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கலிபோர்னியாவின் சான் ஹொசே ஆய்வுகூடத்திலிருந்து அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை பத்துப் பதினொரு பக்கங்களே கொண்டது. அதன் சாரம் யாதெனின், ஏட்டிலுள்ள செய்தி வேறு, அச்செய்தி எங்கே எவ்வாறு வைக்கப்பட்டுள்ளது என்பது வேறு. கேட்பவன் பின்னதை அறிய வேண்டியதில்லை என்பதாம்.

அவர் சொன்ன வழி அட்டவணை வழி. மாணவர் பெயர்களுக்கு ஓர் அட்டவணை; அவர்தம் பரீட்சைப் புள்ளிகளுக்கு வேறோர் அட்டவணை. இரண்டையும் இணைப்பது சேர்விலக்கம் ஒன்றே. இன்ன ஆண்டிற் கணிதத்தில் நாற்பதுக்குக் குறைந்த மாணவர் யாவர் என்று கேட்டால், இரண்டு அட்டவணைகளையும் அவ்விலக்கத்தால் ஒட்டிப் பார்த்து விடை சொல்வது சேவையகத்தின் வேலை. இங்ஙனம் அட்டவணைகளின் தொடர்பால் அமைவது தொடர்புசார் தரவுத்தளம். 1974 இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரிற் கொட்டின் தரப்பாரும் பாக்மனின் தரப்பாரும் நேர்நின்று வாதிட்டனர். அவ்வாண்டிலேயே சான் ஹொசேயில் இம்முறையைச் செய்து காட்டும் முயற்சி தொடங்கியது, எஸ்.கியூ.எல். என்னும் வினவுமொழி அங்கே பிறந்தது. பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கரும் இயூஜின் வொங்கும் 1973 முதல் இதே முயற்சியை வேறாகச் செய்துகொண்டிருந்தனர். பழைய முறையை விற்றுப் பொருளீட்டிக்கொண்டிருந்த ஐ.பி.எம். தன் மனையிற் பிறந்த பிள்ளையை வெளியே விடத் தயங்கி நிற்க, ஒரக்கிள் என்று பின்னாளிற் பெயர்பெற்ற சிறு நிறுவனம் 1979 இல் முந்திக்கொண்டது. பேர்க்லி முயற்சியின் வழித்தோன்றலாய் 1986 இற் போஸ்ற்கிறெஸ் எழுந்தது. இன்று யாவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் அதன் பெயரை இப்பேச்சில் அடிக்கடி கேட்பீர்கள்.

இனி, ஏடு எவ்வாறு அழியாதிருக்கின்றது என்பதையும் சொல்லவேண்டும். பின்னால் வரும் இடர்களெல்லாம் இங்கேதான் வேர்கொண்டுள்ளன. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆவது? பாதி எழுதிய வரி, இல்லாத வரியினும் கேடானது. இதற்கு விடை கண்டவருள் முதன்மையானவர் ஜிம் கிறே. ஒரு கொடுக்கல் வாங்கல் முற்றாக நிகழ வேண்டும், அன்றேல் நிகழவே கூடாது என்பது அவர் நிலைநாட்டிய கோட்பாடு. (தம் அன்னையின் அஸ்தியைக் கடலிற் கரைக்கவென 2007 சனவரியிற் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்க்கப்பலிற் சென்ற அப்பெரியார் மீளவேயில்லை.) கோட்பாட்டைச் செயலாக்கும் வழி, பேரேட்டிற் கைவைக்குமுன் செய்யப்போவதை ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொள்வது. பாடசாலை அதிபர்களுக்கு இது புதியதன்று. எங்கள் மேசையிற் கிடக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகம் அத்தகையதே. மின்சாரம் மீண்டதும் சேவையகம் அக்குறிப்பைப் படித்து, முடிந்தவற்றை மீளச் செய்து, முடியாதவற்றை அழிக்கின்றது. இம்மீட்பு முறையை முழுமையாக வகுத்து 1992 இல் வெளியிட்ட குழுவின் தலைவர் சி. மோகன், தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இரசாயனப் பொறியியல் கற்று, ஐ.பி.எம். ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர். ஏரீஸ் என்னும் அவரது முறையைத் தழுவாத பெருந் தரவுத்தளங்கள் சிலவே. நம்மவர் பெயர் நம் பிள்ளைகளுக்கே தெரியாதிருப்பது வியப்பு.

இம்முறைகள் யாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை கிடந்தது. சேவையகம் தன் வீட்டில் இருக்கின்றது. தட்டு தன் தட்டு. பணிசெயல் முறைமை தன் முறைமை. நாளையும் அவையே இருக்கும் என்னும் நம்பிக்கை அது. எவரும் அதை எழுதிவைக்கவில்லை. எழுதவேண்டும் என்று தோன்றவுமில்லை.

பெட்டியின் கதை வேறிடத்திலே தொடங்குகின்றது. 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஒரு சிறு கட்டளை இருந்தது. ஒரு செய்நிரலுக்கு இதுவே உலகத்தின் எல்லை என்று ஒரு கோப்புறையைக் காட்டி, அதற்கு வெளியே பார்க்கவொட்டாது செய்வது. 2000 ஆம் ஆண்டில் பிறீ பி.எஸ்.டி. என்னும் முறைமை இதனை விரித்துச் சிறைக்கூடம் என்றே பெயரிட்டது. பின் லினக்ஸ் முறைமையிற் கூகிள் பொறியியலார் 2006 முதல் ஒரு வேலை செய்தனர்: இச்செய்நிரலுக்கு இவ்வளவு நினைவகம், இவ்வளவு கணிப்பு நேரம் என்று பங்கீட்டு அட்டை வழங்கும் ஏற்பாடு. 2008 சனவரியில் அது லினக்ஸின் கருவில் இடம்பெற்றது. சுவரும் பங்கீடும் சேர்ந்தபோது பெட்டிக்கு வேண்டியன யாவும் ஆயத்தமாயின. ஆயினும் அவற்றை நிபுணரே கையாள இயலும். 2013 மார்ச்சு மாதம் கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் நடந்த மாநாடொன்றிற் சொலமன் ஹைக்ஸ் என்னும் இளைஞர் ஐந்தே நிமிடம் பேசி டொக்கர் என்னும் கருவியைக் காட்டினார். அதன்பின் ஒரு மாணவன்கூடப் பெட்டி செய்யலாம் என்றாயிற்று.

டொக்கர் என்பது துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அதன் சின்னம், முதுகிற் கொள்கலன்களைச் சுமந்து நீந்தும் திமிங்கிலம். 1956 ஏப்பிரல் 26 ஆம் நாள் மல்கம் மக்லீன் என்பாரின் கப்பல் 58 இரும்புப் பெட்டிகளுடன் நியூவாக்கிலிருந்து ஹியூஸ்ரனுக்குப் புறப்பட்டதே கப்பற் கொள்கலன் வரலாற்றின் தொடக்கம் என்பர். கொழும்புத் துறைமுகத்தை அடுத்த வீதியாற் செல்பவர் பாரந்தூக்கிகளையும் அடுக்கடுக்கான பெட்டிகளையும் காணாதிருக்க இயலாது. உள்ளே தேயிலையோ சைக்கிளோ, தூக்குபவனுக்கு அக்கறையில்லை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே மூலை, ஒரே கொளுவி. மென்பொருட் பெட்டியும் அதனையே வேண்டிற்று. எந்தச் செய்நிரலாயினும் அதற்குத் துணையான நூலகங்களுடன் ஒரே பெட்டியில் அடைபட்டு, எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையால் எழவேண்டும்.

எனினும் ஒப்புமை ஓரிடத்திற் பிழைக்கின்றது. கப்பற் பெட்டியிற் பொருளே முதன்மை, பெட்டி வெறுங்கூடு. டொக்கர்ப் பெட்டியிலோ அச்சடித்த படிமம் ஒன்று அடியில் மாறாது கிடக்கும். ஓடும்போது எழுதப்படுவன யாவும் அதன்மேல் விரித்த ஒரு மெல்லிய அடுக்கில் விழும். பெட்டியை நீக்கினால் அவ்வடுக்கும் அதனோடு போய்விடும். வலைத்தளம் ஒன்றைப் பரிமாறும் செய்நிரலுக்கு இது வரப்பிரசாதம். பழுதானதைத் திருத்தவேண்டியதில்லை, எறிந்துவிட்டு இன்னொன்றை எழுப்பலாம். சேவையகங்களைப் பெயரிட்டு வளர்க்கும் நாயாகக் கருதாதீர், தொழுவத்து மாடாகக் கருதுங்கள் என்று அந்நாளில் ஒரு பேச்சு வழங்கிற்று. நம் ஊர்களில் மாட்டுக்கும் பெயருண்டு என்பதை அவர் அறியார் போலும்.

இந்த அடுக்குக்குள் ஏட்டை வைத்தவர்களின் கதி என்னவாயிருக்கும் என்பதை நீங்களே உய்த்துணரலாம். சேவையகத்தைப் பெட்டியில் எழுப்பினர். மாதக்கணக்காய்ப் பதிவுகள் செய்தனர். புதிய பதிப்பு வந்ததென்று பழைய பெட்டியை நீக்கிப் புதியதை எழுப்பினர். புதிய பெட்டியில் அட்டவணை ஒன்றுகூட இல்லை. குற்றம் எவர்மீதும் இல்லை. பெட்டி தன் தருமத்தைச் செய்தது. இதற்கு மாற்று, பெட்டியின் சுவரில் ஒரு துளை செய்து, ஏட்டை வெளியேயுள்ள நிலையான வைப்பிடத்தில் வைப்பது. முதலிரு ஆண்டுகளில் தரவை மாத்திரம் தாங்கி நிற்கும் வெறும் பெட்டி ஒன்றை உண்டாக்கி அதனைக் கடன்வாங்கும் ஒட்டுவேலை நடந்தது. 2015 நவம்பரில் வந்த டொக்கர் பதிப்பிலேயே வைப்பிடம் தனக்கெனப் பெயர்கொண்டு, எந்தப் பெட்டியையும் சாராது நிற்கும் உரிமை பெற்றது. கொட் 1970 இற் செய்தியையும் இருப்பிடத்தையும் பிரித்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் ஏடும் அதைக் காக்கும் எழுத்தரும் பிரிக்கப்பட்டனர். எழுத்தர் பெட்டிக்குள் வாழ்வார், ஏடு வெளியே வாழும்.

காரியம் முடிந்தது என்றே பலர் எண்ணினர். முடியவில்லை. எழுத்தரோடு கூடப் பெட்டிக்குள் போனவை எவையெவை என்பது ஒவ்வொன்றாகப் பின்னரே தெரியவந்தது.

சிறியதொன்றை முதலிற் சொல்வேன். பெட்டியை நிறுத்து என்று கட்டளையிட்டால், டொக்கர் உள்ளிருக்கும் செய்நிரலுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பிப் பத்து வினாடி பொறுத்திருக்கும். அதற்குள் நில்லாவிடின் கழுத்தை நெரித்துவிடும். போஸ்ற்கிறெஸ் ஒரு பழைய நாகரிகம் உடையது. அவ்வறிவித்தலைப் பெற்றால், புதியவரை உள்ளே விடாது, வந்திருப்போர் தாமாக எழுந்து போகுமட்டும் காத்திருக்கும். பத்து வினாடியில் எந்த விருந்தினர் எழுந்து போவார்? ஒவ்வொரு தடவையும் அது நெரிபட்டே மாண்டது. ஒவ்வொரு தடவையும் நாட்குறிப்பைப் படித்தே உயிர்த்தது. பின்னர் அதன் அதிகாரபூர்வப் படிமத்தைச் செய்வோர், விருந்தினரை உடனே அனுப்பிவிட்டு ஒழுங்காய் மூடும் வேறோர் அறிவித்தலுக்கு மாற்றினர்.

அடுத்தது அச்சந்தருவது. ஒரே ஏட்டில் இரண்டு எழுத்தர் ஒருவரையொருவர் அறியாது எழுதத் தொடங்கினால் ஏடு பாழாகும். அதனைத் தடுக்கப் போஸ்ற்கிறெஸ் தான் எழும்பியதும் ஏட்டறையின் வாசலில் ஒரு சீட்டை ஒட்டும். சீட்டில் அதன் செயன்முறை இலக்கம் இருக்கும். இரண்டாவது சேவையகம் வந்தால் சீட்டைப் பார்த்து, அவ்விலக்கமுடையவர் உயிரோடிருக்கின்றாரா என்று விசாரித்து, இருப்பின் திரும்பிவிடும். கணினியில் ஒவ்வொரு செயன்முறைக்கும் வேறு வேறு இலக்கமாதலால் இவ்வேற்பாடு பல்லாண்டு குறைவின்றி நடந்தது. பெட்டிக்குள்ளோ எண்ணிக்கை புதிதாய்த் தொடங்குகின்றது. முதலில் எழும்புவதற்கு இலக்கம் 1. எந்தப் பெட்டியாயினும் 1. இரண்டாம் பெட்டியின் எழுத்தர் வந்து சீட்டைப் பார்க்கின்றார்: 1 என்றிருக்கின்றது. தம் கையைப் பார்க்கின்றார்: 1. இது நான் முன்னொருகால் ஒட்டி மறந்துபோன சீட்டு என்று கிழித்தெறிந்துவிட்டு உள்ளே போய் அமர்கின்றார். பகிர்வு நினைவகத்தைத் தடவிப் பார்க்கும் இன்னொரு காவலும் உண்டு. பெட்டியின் சுவர் அதனையும் மறைத்துவிடுகின்றது. ஓர் ஏடு, இரண்டு பேனா, இருவருக்கும் ஒரே பெயர். பூட்டிலே குறையில்லை. கணினி முழுமைக்கும் ஒரே எண்வரிசை என்னும் எழுதப்படாத நம்பிக்கையே குறைந்தது. இக்காவலைப் பெட்டிக்கு வெளியே இருப்பவரே செய்யவேண்டியதாயிற்று.

மூன்றாவது இடர், தமிழாசிரியர் எவர்க்கும் சுவைதருவது. அதனால் சற்று விரித்துச் சொல்ல இடந்தருக. அது அகரவரிசை பற்றியது.

நூறாயிரம் பெயர்களுள் ஒன்றைத் தேடச் சேவையகம் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. அகராதியில் நாம் தேடுவதுபோல, வரிசைப்படுத்திய தேடுபட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, நடுவைத் திறந்து, தேடும் பெயர் முன்னோ பின்னோ என்று பார்த்துப் பாதி பாதியாகத் தள்ளிச் செல்கின்றது. எந்த எழுத்து முன், எது பின் என்பதைப் போஸ்ற்கிறெஸ் நெடுங்காலம் தானே முடிவுசெய்யாது, பணிசெயல் முறைமையின் நூலகத்திடம் கேட்டறிந்தது. அந்த நூலகம் இருப்பது பெட்டிக்குள். தேடுபட்டியல் இருப்பது வெளியே, ஏட்டுடன். 2018 ஆகஸ்டில் லினக்ஸின் அடிப்படை நூலகமாகிய கிளிப்சி தன் 2.28 ஆம் பதிப்பில் வரிசை விதிகளைப் பன்னாட்டு நியமத்துக்கு இசையப் புதுப்பித்தது. அதற்குமுன் அமெரிக்க ஆங்கில வரிசையில் 11 என்பது முன்னும், நடுவே சிறுகோடிட்ட 1-1 என்பது பின்னும் வந்தன. அதன்பின் முறை தலைகீழாயிற்று. 2019 யூலையில் வெளியான டெபியன் 10 இப்புதிய நூலகத்துடன் வந்தது. பழைய டெபியன் மேல் அமைந்த பெட்டியை எறிந்து புதிய டெபியன் மேல் அமைந்த பெட்டியை எழுப்பியவர்க்கு, போஸ்ற்கிறெஸின் பதிப்பு மாறவில்லை, ஏடும் மாறவில்லை. ஆயினும் பழைய வரிசையில் அடுக்கிய பட்டியலைப் புதிய வரிசை கற்ற எழுத்தர் புரட்டினார். இருக்கும் பெயரை இல்லையென்றார். இல்லையென்று நம்பி அதே பெயரை மறுபடி பதிந்தார். இருமுறை வரலாகாது என்று விதித்த இலக்கம் இருமுறை வந்தது. எச்சரிக்கை ஒன்றும் எழவில்லை.

தமிழுக்கு இது இன்னும் கூர்மையானது. உருவிற் சிறிதாயிருப்பதாற் பலர் விரும்பும் அல்பைன் என்னும் லினக்ஸ் வகையின் நூலகம் மொழிவாரியான வரிசையைப் பாராது. எழுத்துக்களை அவற்றின் யுனிக்கோட் எண்ணின்படியே வரிசையிடும். யுனிக்கோட்டிலோ தமிழெழுத்துக்கள் வடஇந்திய எழுத்துக்களின் அட்டவணைக்கு ஒப்ப நிறுத்தப்பட்டவை. னகரம் நகரத்தின் அருகே, பகரத்துக்கு முன் நிற்கின்றது. றகரம் ரகரத்துக்கு அடுத்து நிற்கின்றது. நாம் பாலர் வகுப்பிற் கற்ற நெடுங்கணக்கிலோ னகரம் கடைசி. ஆகவே நம் வரிசையிற் கபிலன் முன்னும் கனகம் பின்னும் வர, எண்வரிசையிற் கனகம் முன்னும் கபிலன் பின்னும் வருவர். தமிழ் வரிசையில் அடுக்கிய ஏட்டை அல்பைன் பெட்டிக்கு மாற்றின், கபிலனைத் தேடுபவர் கனகத்துக்கு அப்பால் தேடி, அப்படி ஒருவர் இல்லையென்று கைவிரிப்பார். அகரவரிசை இலக்கணச் செய்தி என்றும் கணினிக்கு அது புறம்பென்றும் எண்ணுவோர் இதனை ஊன்றிப் பார்க்கவேண்டும்.

இதற்கும் சிறிது சிறிதாகப் பரிகாரம் வந்தது. 2017 இன் பத்தாம் பதிப்பு, முறைமையின் நூலகத்தை விடுத்து ஐ.சி.யு. என்னும் பொது நூலகத்தின் வரிசையைப் பயன்படுத்தவும் இடமளித்தது. 2022 இன் பதினைந்தாம் பதிப்பு, தரவுத்தளம் எந்த வரிசைப் பதிப்பில் ஆக்கப்பட்டது என்பதை ஏட்டிலேயே குறித்துவைத்து, எழுத்தர் வேறு வரிசையுடன் வந்தால் எச்சரிக்கின்றது. 2024 இன் பதினேழாம் பதிப்பு, எந்த நூலகத்தையும் கேளாது தன்னகத்தே மாறாத எண்வரிசை ஒன்றை வைத்துக்கொண்டது. அவ்வரிசை தமிழுக்குப் பிழையானதே. ஆனால் நாளைக்கும் அதே பிழையாயிருக்கும். ஏடு காப்போர்க்கு அதுவும் ஓர் ஆறுதல்.

நினைவகப் பங்கீட்டால் வந்த தொல்லைகள் வேறு உண்டு. பங்கு மீறிய செயன்முறையை லினக்ஸ் கொன்றுவிடும், ஒன்று கொல்லப்பட்டால் போஸ்ற்கிறெஸ் தன் தோழர் யாவரையும் நிறுத்தி மீள எழும்பும். அவற்றை விரிக்கப் பொழுதில்லை. பெட்டியைச் சாராத ஒன்றையும் இங்கே குறிக்கலாம். எழுதியதைத் தட்டில் உறுதியாய்ப் பதித்துவிட்டாயா என்று சேவையகம் லினக்ஸைக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. தட்டு பழுதாயின் லினக்ஸ் ஒருமுறை இல்லையென்று சொல்லும். மறுமுறை கேட்டால், எழுதாமலே ஆம் என்றுவிடும். இருபது ஆண்டுகளாகப் போஸ்ற்கிறெஸ் இரண்டாவது விடையை நம்பி வந்தது என்பது 2018 இலேதான் வெளியாயிற்று. 2019 தொடக்கத்தில் வந்த திருத்தத்தின்பின், முதல் இல்லையென்ற விடையிலேயே அது தன்னை நிறுத்திக்கொண்டு நாட்குறிப்பிலிருந்து மீள்கின்றது. பெட்டி வருமுன்னரே வீடும் முற்றிலும் நம்பத்தக்கதாயிருந்ததில்லை என்பதற்கு இது சான்று. பெட்டியை மாத்திரம் பழிப்போர் இதை மறந்துவிடுகின்றனர்.

பெட்டிகள் பலவாகிக் கணினிகளும் பலவானபோது, எந்தப் பெட்டியை எங்கே எழுப்புவது என்று தானே தீர்மானிக்கும் மேற்பார்வையாளர் தோன்றினார். 2014 இற் கூகிள் வெளியிட்ட குபர்னெட்டிஸ் என்னும் முறைமையே அது. தொழுவத்து மாடு என்னும் கொள்கையின் உச்சம் அதுவெனலாம். ஆயின் ஏடு காக்கும் எழுத்தருக்குப் பெயர் வேண்டும், அவர்க்குரிய வைப்பிடம் அவரையே தொடர வேண்டும் என்பதை அதனைச் செய்தோரும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2016 நடுவில் அவர்கள் ஓர் ஏற்பாட்டைச் சேர்த்து, அதற்கு வளர்ப்பு விலங்குத் தொகுதி என்னும் பொருள்படப் பெற் செற் என்று பெயரிட்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் நிலைதாங்கும் தொகுதி என்னும் பொருள்படும் வேறு பெயர் சூட்டப்பட்டது. முதற்பெயரே உண்மையை உள்ளபடி சொல்லிற்று என்பது என் கருத்து. இத்தொகுதியிற் பழைய எழுத்தர் போய்விட்டார் என்பது உறுதியாகுமட்டும் அதே பெயருடைய புதிய எழுத்தர் எழுப்பப்படார். கணினியோடு தொடர்பு அறுந்து, அவர் உளரோ இலரோ என்று ஐயமாயின், ஏடு திறவாமலே காத்திருக்கும். சேவை நிற்கட்டும், ஏடு கெடவேண்டாம் என்னும் தெரிவு அது. வாசலில் ஒட்டிய சீட்டுச் செய்ய இயலாததை இது செய்தது. அதே 2016 இன் இறுதியில், ஏட்டின் குணமறிந்து பிரதி எடுத்தல், தலைமை மாற்றல் முதலிய கருமங்களைத் தானே செய்யும் மேலாளர்ச் செய்நிரல்களும் தோன்றலாயின.

ஆகவே தரவுத்தளத்தைக் கொள்கலனில் நடத்தலாமா என்று கேட்போர்க்கு, 2014 இல் இல்லையென்று சொன்னவரும் இன்று ஆம் என்று சொல்பவரும் தத்தம் காலத்துக்கு உண்மையே சொன்னார்கள் என்பேன். இடையிலே மாறியது பெட்டியன்று. பெட்டி இன்றும் எறியப்படுவதே. எது எழுத்தரைச் சேர்ந்தது, எது ஏட்டைச் சேர்ந்தது என்னும் கோடு இடம் மாறிற்று. முதலில் அட்டவணைகள் மட்டுமே ஏடு என்றிருந்தனர். பின் பூட்டும் பெயரும் அதனோடு சேர்ந்தன. பின் அகரவரிசையும் சேர்ந்தது.

அக்கோடு 2025 இலும் ஒருமுறை நகர்ந்தது. போஸ்ற்கிறெஸின் ஒரு பெரும்பதிப்பு எழுதிய ஏட்டை அடுத்த பெரும்பதிப்பு அப்படியே படிக்காது. புதிய பெட்டியைப் பழைய ஏட்டின்முன் நிறுத்தினால், பொருந்தாது என்று சொல்லி எழும்ப மறுத்துவிடும். பதினெட்டாம் பதிப்பு வந்தபோது அதிகாரபூர்வப் படிமத்தைச் செய்வோர் வைப்பிடம் இணையும் இடத்தை ஒரு படி மேலே உயர்த்தி, ஒவ்வொரு பதிப்பின் ஏட்டையும் அதன் எண்ணைத் தாங்கிய தனி அறையுள் வைத்தனர். இப்போது பழைய ஏடும் புதிய ஏடும் ஒரே அலுமாரியில் அடுத்தடுத்த தட்டுகளில் இருக்கின்றன. எழுத்தர் பெட்டியைவிட்டு வெளியேறாமலே ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெயர்த்தெழுதலாம்.